புகைப்பாதையில் பகல் வெளிச்சம்

சரிதோபே வெப்ப நிலையத்திலிருந்து அந்த வருடத்தின் நான்காவது அழைப்பு வந்தபோது கம்ஷாத் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு போனை எடுத்தவளுக்கு, மறுமுனையில் தொண்டையைச் செருமிய சத்தத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"கம்ஷாத், நல்லா இருக்கீங்களா? உடம்பெல்லாம் சௌக்கியமா? பொண்ணு படிப்பு எப்படி..."

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு தோகே. இப்ப எது கெட்டுப்போச்சு, அதைச் சொல்லுங்க."

"ரெண்டாம் நம்பர் பாய்லர். அதுலேருந்து புகைபோக்கிக்குப் போற பாதை இருக்குல்ல, அதுக்குள்ள என்னமோ உருளுற மாதிரி சத்தம். நீங்க வந்து ஒரு பார்வை பாத்துட்டீங்கன்னா மனசுக்கு நிம்மதியா இருக்கும்."

"வேற யாரையாவது அனுப்பவா? எனக்கு அணைக்கட்டுல வேலை இருக்கு."

"வேற யாரா?" என்று அந்தக் குரல் திடுக்கிட்டது. "அவங்களுக்கு இடம் பழக்கமில்லையே. உங்களுக்குத்தான் எல்லா மூலைமுடுக்கும் தெரியும்."

கம்ஷாத் பல்துலக்கியை நீட்டிக் கண்ணாடியில் தெரிந்த தன்னையே மிரட்டினாள். பிறகு, "சரி, வியாழக்கிழமை வர்றேன்" என்றாள்.

குளிர்காலத்தில் குழாய் வழியாக ஊர் வீடுகளுக்கெல்லாம் சூடு அனுப்பும் அந்த நிலையத்தில் தோலெகென் பாய்லர் பிரிவுக்குத் தலைவர். ஐம்பதைத் தாண்டியவர், மனைவி இறந்து ஆறேழு வருடம் ஆகிறது. மரியாதைக்காக ஊரே அவரைத் தோகே என்றுதான் கூப்பிடும். கம்ஷாத் கரகண்டா நிலக்கரிச் சுரங்கத்தில் அளவையாளராக வேலை பார்த்தவள். கரியை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சும் குகைகளுக்குள் ஆள் கால் வைத்தால் கூரை எப்போது தலையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. அங்கே அனுப்புவதற்காகச் சுரங்கத்துக்காரர்கள் ஒரு ட்ரோன் வாங்கினார்கள். கறுப்புக் கம்பிக்கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் சின்ன விமானம். பார்க்கப் பெரிய பூசணிக்காய் மாதிரி இருக்கும். சுவரில் மோதினாலும் விழாது, உருண்டு நிமிர்ந்து மறுபடி பறக்கும். அதை ஓட்ட யாரும் முன்வராதபோது கம்ஷாத் முன்வந்தாள். இப்போது இரண்டு கூட்டாளிகளோடு அதையே தொழிலாக வைத்திருக்கிறாள். எண்ணெய்த் தொட்டி, கோதுமைக் கிடங்கின் கோபுரம், அணையின் ராட்சதக் குழாய், பாய்லர் வயிறு என்று மனிதன் புக முடியாத இடமெல்லாம் அவள் பந்து புகுந்து வரும். பந்து என்றுதான் அவள் அதைச் சொல்வாள்.

மே மாதம் முதல் தடவை சரிதோபேக்குப் போனது நியாயமான வேலைக்கு. குளிர்காலம் முழுக்க எரிந்து ஓய்ந்த பாய்லரின் உட்சுவரைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் அதற்கு உள்ளே சாரம் கட்டுவார்கள். கட்டி முடிக்கவே ஒரு வாரம் ஆகும். கம்ஷாத் ஆள்நுழைவுத் துளையருகே நின்றபடி பந்தை உள்ளே விட்டாள். பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தோலெகென், பந்து உச்சியை எட்டியதும் வாயில் கை வைத்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா இதோட குடும்பம் நடத்துறேன். இதோட உச்சந்தலைய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

வேலை நேரத்தில் சிரிக்கிற வழக்கம் கம்ஷாத்துக்குக் கிடையாது. அன்று சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அழைப்புகள் ஆரம்பித்தன. ஜூலையில், நிலக்கரித் தொட்டியின் சுவரில் வெடிப்பு என்றார். போய்ப் பார்த்தால் பழைய கயிறு உரசிய தடம். ஆகஸ்டில், புகைபோக்கிக்குள் செங்கல் விழுந்த சத்தம் என்றார். போய்ப் பார்த்தால் ஒரு புறாக்கூடு. அம்மா புறா பந்தைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு கொத்த வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் உட்கார முக்காலி துடைத்து வைக்கப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் அவருடைய தங்கை செய்து அனுப்பிய ஈரல் வறுவலும் சுடச்சுடப் பொரித்த பவுர்சாக் மாவு உருண்டைகளும் பால் விட்ட டீயும் வரும். அவள் சாப்பிடுவதைப் பார்க்காத மாதிரி அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கம்ஷாத் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை. அரைகுறையாகப் புரியத்தான் செய்தது. ஆனால் நாற்பத்தாறு வயதில், மகளை அல்மாத்தியில் படிக்கவைத்துக்கொண்டு, எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போன கணவன் அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருடமான பிறகு, அரைகுறையாகப் புரிகிற விஷயத்தை முழுசாகப் புரிந்துகொள்ள அவள் அவசரப்படவில்லை. மனிதருக்குப் பாய்லர்மேல் பாசம் அதிகம் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வியாழக்கிழமை விடியும்போதே கிளம்பினாள். செப்டம்பர் கடைசி. புல்வெளி முழுக்க முதல் உறைபனி வெள்ளையாய்ப் படர்ந்திருந்தது. இருநூறு கிலோமீட்டர் தூரத்துக்கும் வைக்கோல் லாரிகள் முன்னால் ஆடி ஆடிப் போய் வழிவிடாமல் உயிரை வாங்கின. போய்ச் சேர்ந்தபோது இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த நாகிமா அவளைக் கண்டதும் எழுந்து வந்தாள். தோலெகெனுக்குக் கீழே வேலை பார்ப்பவள். வாய் சும்மா இருக்காது.

"வாங்கக்கா, வாங்க! நீங்க வர்றது எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

"எப்படி?"

"எங்க தோகே சவரம் பண்ணிக்கிட்டு வந்துடுவாரே! இன்னிக்கு அத்தர் வேற. நான் கூட காஸ் கசியுதோன்னு பயந்துட்டேன்."

"போய் மீட்டரப் பாரு" என்று பின்னாலிருந்து தோலெகென் குரல் வந்தது. அவர் காது சிவந்திருந்தது. நாகிமா கம்ஷாத்தைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உள்ளே போனாள்.

பாய்லரிலிருந்து கிளம்பும் புகைப்பாதை ஆள் உயரத்துக்கு மேல் அகலமான இரும்புக் குகை. கூரைக்கு மேலே நீண்ட தூரம் நேராகப் போய், ஒரு வளைவில் திரும்பிப் புகைபோக்கியில் சேர்கிறது. குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்று முன்னொரு தடவை அவள் சொல்லியிருந்தாள். அதற்காக மூன்று பேட்டரிகளையும் அவள் வந்து இறங்கியதுமே வாங்கித் தன் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டிருந்தார் தோலெகென். கோழி முட்டையை அடைகாக்கிற மாதிரி. அதில் ஒன்றை எடுத்து நீட்டினார். சூடாக இருந்தது.

பந்து உள்ளே போனது. அதன் விளக்கொளியில் இரும்புச் சுவர்கள் வழுவழுவென்று நகர்ந்தன. அடியில் சாம்பல் படிவு. வேறு ஒன்றுமில்லை.

"சத்தம் எந்த இடத்துல கேட்டுச்சு?"

"இங்கதான்... இல்ல, கொஞ்சம் தள்ளி."

"தள்ளியாச்சு."

"இன்னும் கொஞ்சம்."

கம்ஷாத் பந்தை அந்தரத்தில் நிறுத்தினாள். "பாய்லர் நின்னு அஞ்சு மாசம் ஆச்சு. உள்ள காத்து கூட அசையல. என்ன தோகே உருளும்? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. சத்தம் கேட்டுச்சா?"

அவர் அவள் மூஞ்சியைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்தார்.

"கேக்கல."

"தொட்டியில வெடிப்பு?"

"இல்ல."

"செங்கல்?"

அவர் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினார்.

கம்ஷாத்துக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இருநூறு கிலோமீட்டர்! அணைக்கட்டுல ஆளுங்கள உக்கார வச்சிட்டு, வழியெல்லாம் வைக்கோலத் தின்னுக்கிட்டு வந்திருக்கேன். என்ன விளையாட்டு இது? நான் என்ன, கூப்பிட்டா வாலாட்டிக்கிட்டு வர்ற நாயா?"

தோலெகென் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து, "டீ ஆறிடும்" என்றார்.

அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. பந்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பிப் போயிருப்பாள். ஆனால் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. பாதி வேலையில் எழுந்துபோவது அவளுக்குப் பிறவியிலேயே வராது.

"வந்த பாவத்துக்கு அந்த வளைவுக்கு அப்பால என்ன இருக்குன்னாவது பாத்துட்டுப் போறேன்" என்று பந்தை முன்னால் விரட்டினாள்.

வளைவு தாண்டியதும் படம் மங்கத் தொடங்கியது. இரும்புச் சுவர் சமிக்ஞையை விழுங்கியது. அங்கே போக ஆள்நுழைவுத் துளை எதுவும் கிடையாது. கட்டி முடித்த நாளிலிருந்து ஒரு மனிதக் கண் பட்டிருக்காது. அடியில் சாம்பல் மணல்மேடு மேடாகக் குவிந்திருந்தது. பந்து அதற்கு மேலாக மெல்ல ஊர்ந்தது. அப்போதுதான் திரையின் மேல் மூலையில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது.

விளக்கு எதிலோ பட்டுப் பிரதிபலிக்கிறது என்று நினைத்தாள். சந்தேகத்துக்குப் பந்தின் விளக்கை அணைத்தாள். திரை கன்னங்கரேலென்று இருண்டது. கோடு மட்டும் அப்படியே இருந்தது.

"பகல் வெளிச்சம்" என்றார் தோலெகென். இத்தனை நேரம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் குரல் இல்லை அது. "விளக்கப் போடுங்க. மேல காட்டுங்க, அந்தத் தாங்கு கம்பிகள."

பாதையை மேலேயிருந்த இரும்புச் சட்டத்திலிருந்து தொங்கவிட்டுப் பிடித்திருந்த நான்கு கம்பிகளின் அடிமுனைகள் சுவரைத் துளைத்து உள்ளே வந்து பூட்டியிருந்தன. இரண்டு துரு தின்று பிய்ந்துபோயிருந்தன. மூன்றாவது நூலாய் இளைத்திருந்தது. சாம்பல் பாரம் தாங்காமல் பாதை முழுசும் கீழே தொய்ந்து, மேலே இணைப்பில் வாய் பிளந்திருந்தது. அந்தப் பிளவின் வழியாகத்தான் வானம் தெரிந்தது.

இன்னும் இரண்டு வாரத்தில் பாய்லரைப் பற்றவைக்கவேண்டும். பற்றவைத்தால் சூட்டிலும் அதிர்விலும் அது எத்தனை நாள் தாங்கும்? ஜனவரியில், வெளியே மைனஸ் முப்பத்தைந்தில், பாதை அறுந்து விழுந்தால் பாய்லர் நிற்கும். பாதி ஊர் உறையும். இருவருக்கும் அதைச் சொல்லிக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. கம்ஷாத் பந்தைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்தாள். தோலெகென் அதைக் கையில் வாங்கிக்கொண்டு படியிறங்கினார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

நிலையத் தலைவர் ஒராஸ்பெக், மரியாதைக்கு ஒராகே, அப்போது எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் உட்காரவைத்துப் பற்றவைப்பு நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாகிமாவும் குறிப்பெடுக்க வந்திருந்தாள். தேதியை நகர நிர்வாகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. உள்ளூர் வானொலியிலும் அறிவித்தாகிவிட்டது. தோலெகென் சொன்னதைக் கேட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டாம் நம்பரப் பத்தவைக்கக் கூடாதுங்கிறியா? இப்பவா?"

"கூடாது ஒராகே. கம்பி மாத்தணும், சாம்பல அள்ளணும்."

"இரு, இரு. ஜூலைல தொட்டி வெடிச்சிருச்சுன்ன. வெடிக்கல. ஆகஸ்ட்ல செங்கல் விழுந்துச்சுன்ன. புறா முட்டையிட்டுருந்துச்சு. இப்பப் புகைப்பாதை விழப்போகுதுங்கிற. ஓநாய் ஓநாய்னு வாரம் தவறாமக் கத்துனா எவன்யா தடியத் தூக்கிக்கிட்டு வருவான்? அந்தப் படத்துல தெரியுறது ஏதாவது நிழலா இருக்கும்."

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் தலையசைத்தார்கள். கம்ஷாத் வாயெடுப்பதற்குள் தோலெகென் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"ஒராகே, நீங்க சொல்றது நியாயம். தொட்டில வெடிப்பு இல்லன்னு எனக்குத் தெரியும். செங்கல் விழலன்னும் தெரியும். இன்னிக்கும் எந்தச் சத்தமும் கேக்கல. மூணுமே பொய்."

ஒராஸ்பெக் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏன்யா பொய் சொன்ன?"

"அவங்க வரணும்னு."

"எவங்க?" என்றார் ஒராஸ்பெக், அவருக்கே தெரிந்தும்.

"கம்ஷாத். வேற எப்படிக் கூப்பிடுறதுன்னு எனக்குத் தெரியல. டீ குடிக்க வாங்கன்னா, இருநூறு கிலோமீட்டர் யாரு வருவா? பாய்லர் சரியில்லன்னா வருவாங்க." தொப்பி அவர் கையில் கயிறாய் முறுக்கிக்கொண்டிருந்தது. "அந்த மூணுக்கும் என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா இது பொய் இல்ல. பொய் சொன்னவனுக்குத் தெரியாதா, எது பொய் எது நிஜம்னு?"

ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். நாகிமா முழங்கையால் அவர் விலாவில் இடித்தாள், சிரிப்பு நின்றது.

கம்ஷாத்துக்குக் காது இரண்டும் பற்றியெரிந்தது. அந்தக் கம்பிக்கூண்டுக்குள் சுருண்டு ஒளிந்துகொள்ள இடமிருந்தால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் அந்தக் கூச்சத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. இத்தனை பேர் முன்னால் தன் மானத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நிற்கிறார் இந்த மனிதர். வாயைத் திறந்தால் டீ ஆறிடும் என்பதைத் தவிர வேறொன்றும் வராதவர். ஊர் குளிரில் விறைக்கக்கூடாது என்பதற்காகச் சொன்னார், சரி. ஆனால் சொன்னது அவளைப் பற்றி. யாரும் எங்கேயும் அவளுக்காக இப்படி நின்றதில்லை.

அவள் முன்னால் வந்தாள். "ஐயா, அவரையும் நம்பவேணாம், என்னையும் நம்பவேணாம். இன்னும் ரெண்டு பேட்டரி இருக்கு. எழுந்து வாங்க, உங்க கண்ணால பாருங்க."

ஒராஸ்பெக் எழுந்தார். அவர் பின்னால் மேசையே எழுந்து வந்தது. தோலெகென் கோட்டுக்குள்ளிருந்து பேட்டரியை எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. பந்து மறுபடி வளைவு தாண்டியது. கம்ஷாத் அதைப் பிளவுக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்தி, விளக்கை அணைத்தாள். ஒராஸ்பெக் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"அது என்ன, வெள்ளையா நகருது?"

"மேகம்" என்றாள் கம்ஷாத்.

"என் புகைப்பாதைக்குள்ள மேகமா!"

அவர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "ரெண்டாம் நம்பர் நிக்கட்டும். நிர்வாகத்துக்கு நான் பேசிக்கிறேன்" என்றார். எழுந்து போகும்போது தோலெகெனிடம் விரலை நீட்டினார். "உன் விஷயத்த அப்புறம் வச்சுக்கிறேன்."

சாயங்காலம் அவள் காரில் ஏறும்போது தோலெகென் வந்து கதவருகே நின்றார். இரண்டு பேருமே மற்றவர் ஏதாவது சொல்லட்டும் என்று நின்றார்கள்.

"ரோட்ல வழுக்கும். மெதுவாப் போங்க" என்றார் அவர்.

"சரி" என்றாள் அவள். அவ்வளவுதான்.

சரிதோபேயில் அந்த வருடம் சூடு தாமதமாகத்தான் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் கோட்டோடு உட்கார்ந்தார்கள். ரொட்டிக் கடை வரிசையில் பெண்கள் தோலெகெனை நேருக்கு நேர் வைதார்கள். கம்பி மாற்றும்போது பழைய கம்பிகளில் ஒன்று மெக்கானிக் கை வைத்ததுமே முறிந்து விழுந்ததாம். அதன் படத்தை நாகிமா கம்ஷாத்துக்கு அனுப்பினாள். கூடவே இன்னொரு படமும் வந்தது. 'தேவையற்ற அழைப்புகள்' என்ற குற்றத்துக்காகத் தோலெகெனுக்குக் கொடுக்கப்பட்ட எச்சரிக்கை, நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது. பின்னால் அவர்கள் இருவரின் கல்யாண விருந்தில் ஒராஸ்பெக் கோப்பையோடு எழுந்து அதை ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார். ஆனால் அதற்கு இன்னும் நாளிருந்தது.

ஏனென்றால் தோலெகென் போனே செய்யவில்லை. கம்ஷாத் அணைக்கட்டு வேலையை முடித்தாள். கோதுமைக் கோபுரம் ஒன்றை முடித்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தாள். மகள்தான் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "அம்மா, அந்தப் பாய்லர்காரர் என்ன ஆனாரு? நீ இப்பல்லாம் அவரத் திட்டவே மாட்டேங்கிற?"

மகளின் போனை வைத்த கையோடு சரிதோபேக்கு அடித்தாள்.

"தோகே, பாய்லர் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க. ரெண்டாம் நம்பர் எரியுது. ஊரே கதகதன்னு இருக்கு."

"மத்ததெல்லாம்?"

"ஒரு கோளாறும் இல்ல" என்றார் அவர், சத்தியம் செய்கிறவர் போல.

"நான் பாய்லரக் கேக்கல."

மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

"அன்னிக்கு அத்தனை பேர்கிட்ட சொன்னீங்களே, என்கிட்ட எப்ப சொல்லப்போறீங்க?"

"நீங்களும் அங்கதானே நின்னுக்கிட்டிருந்தீங்க? நீங்க ஒண்ணும் சொல்லல. அதான் பதிலுன்னு..."

"நின்னேன். ஆனா நீங்க ஒராஸ்பெக்கப் பாத்துத்தானே சொன்னீங்க! அவரையா கட்டிக்கப்போறீங்க?"

தோலெகென் சிரித்தார். இத்தனை மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. கரகரவென்று, நெடுநாள் அணைந்து கிடந்த அடுப்பு பற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

"சனிக்கிழமை பஸ் இருக்கு" என்றார்.

சனிக்கிழமை கம்ஷாத்தின் ஊரான கரகண்டாவில் பனி கொட்டியது. பஸ் தாமதம். கதவைத் திறந்தபோது தோலெகென் தொப்பியிலும் புருவத்திலும் பனியோடு, தங்கை கொடுத்தனுப்பிய குதிரைத் தொடைக்கறிப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பூட்ஸைக் கழற்றினார். பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார். உட்காரச் சொல்வதற்குள், கால் தன்னால் போன மாதிரி ஜன்னலடிக்குப் போய் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாயின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மேல்முனை, கீழ்முனை, நடு.

"பரவாயில்லையே" என்றார். "உங்க ஊர்லயும் வேலை தெரிஞ்சவங்க இருக்காங்க. கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் காத்து அடைச்சிருக்கு. திருகி விட்டா சரியாயிடும். ஸ்பேனர் இருக்கா?"

"தோகே."

"ம்?"

"முதல்ல கைய எடுத்துட்டு வந்து உக்காருங்க. நான் உங்கள வேலைக்குக் கூப்பிடல."

அவர் கையை எடுத்தார். பனி உருகி மீசையிலிருந்து சொட்டியது. மேசையருகே வந்து, நாற்காலியை இழுத்து, பெரிய பரீட்சைக்கு உட்காருகிறவர் மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். அவள் சூப்பை ஊற்றினாள். பிறகு அவரை நேராகப் பார்த்தபடி எதிரில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

அவர் சொன்னார்.